ஒன்பதாவது எபிசோடை யார் பார்த்தது?

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருபத்திரண்டு வருஷமாக நான் வாங்கும் சம்பளம் என் சந்தேகத்துக்குக் கொடுக்கப்படுவது. கார் பிரேக்கில் பொருத்தும் எஃகு உருளைகள் தட்டுத் தட்டாக என் மேஜைக்கு வரும். என் கையில் இருக்கும், அளவு பார்க்கும் கேஜின் ஒரு முனை உருளையின் துளைக்குள் நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. இரண்டில் ஒன்று தப்பினாலும் சிவப்பு பெயிண்டால் ஒரு கோடு போட்டு ஓரமாகத் தள்ளிவிடுவேன். "சார் கைக்குப் போனா கடவுளே வந்தாலும் ரிஜெக்ட்தான்" என்று மெஷினில் நிற்பவர்கள் முணுமுணுப்பது என் காதில் விழும். எனக்கு அதில் பெருமைதான். மறைக்க மாட்டேன்.

இந்தப் புத்தியைக் கம்பெனி வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வரும்படி மனைவி கல்யாணமான புதிதிலேயே சொல்லிப் பார்த்தாள். முடியவில்லை. பால் பாக்கெட்டில் தேதி பார்ப்பேன். தேதி சரியாக இருந்தால் அச்சடித்த விதத்தைப் பார்ப்பேன். கல்யாண வீட்டில் சாம்பாரை முகர்ந்துவிட்டுத்தான் இலையில் விடச் சொல்வேன். பந்தியில் பக்கத்தில் உட்கார அவளுக்குக் கூச்சமாக இருக்கிறதாம்.

நாங்கள் இருப்பது காட்டுப்பாக்கத்தில், பூந்தமல்லி சாலையிலிருந்து உள்ளே தள்ளி, மாடிக்கு இரண்டு வீடு என்று கட்டிய சின்னக் குடியிருப்பில். லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடியில் எங்கள் கதவும் பாய் வீட்டுக் கதவும் எதிரெதிரே இருக்கின்றன. பாய்க்குப் பூந்தமல்லி கடைத்தெருவில் தையல் கடை. பள்ளிக்கூட யூனிபார்ம்தான் முக்கியமான வேலை. அறுபதை ஒட்டிய வயது. காலையில் கடைக்குப் போனால் மாலையில்தான் வருவார். அவர் மனைவி, எங்களுக்கு அக்கா, பெரும்பாலும் வீட்டில் இருப்பார். காஜா எடுக்கிற, பட்டன் வைக்கிற வேலையை மட்டும் வீட்டிலேயே வைத்துக்கொள்வார்.

என் மனைவி குமணன்சாவடியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பகலில் எங்கள் வீட்டில் ஆளே இருக்காது. எங்கள் பக்கத்தில் குழாய்த் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, கேன் தண்ணீர்தான். கேன்காரர் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வருவார். அந்த நேரத்தில் யார் கதவைத் திறப்பது? அதனால்தான் இங்கே எதிரெதிர் வீட்டுக்காரர்கள் சாவி மாற்றிக்கொள்கிறார்கள். எங்கள் சாவி அவர்கள் வீட்டு ஆணியில், அவர்கள் சாவி எங்கள் ஹாலில் காலண்டருக்குப் பின்னால் ஒரு ஆணியில். குடி வந்த இரண்டாவது மாதமே அப்படி ஆகிவிட்டது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. ஆறு வருஷமாக அக்கா செவ்வாய்க்கிழமை கதவைத் திறந்துவிடுவார், கேன்காரர் காலிக் கேனை எடுத்துக்கொண்டு புதியதை வைப்பார், அக்கா பூட்டிக்கொண்டு போவார். அவ்வளவுதான் அந்தச் சாவிக்கு வேலை.

இப்போது அந்த வெப் சீரிஸுக்கு வருகிறேன். ஒரு பெரிய குற்றவாளி. நகரத்தில் நடக்கும் கொலை, கடத்தல், கொள்ளை எல்லாவற்றுக்கும் பின்னால் அவன்தான். ஆனால் அவன் முகத்தை யாரும் பார்த்ததில்லை. அவன் ஆட்களுக்கே போனில் ஒரு மெல்லிய குரல் மட்டும்தான் தெரியும். ஒரு பெண் போலீஸ் அதிகாரி அவனைத் தேடுகிறார். மொத்தம் பத்து எபிசோடு, வாரம் ஒன்று, வியாழக்கிழமை காலையில் வெளியாகும்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. சட்டம் போட்டது நான்தான். ஒருவர் இல்லாமல் இன்னொருவர் பார்க்கக் கூடாது. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு டீ போட்டுக்கொண்டு இருவரும் சேர்ந்து உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் என் வேலை ஆரம்பமாகிவிடும். "அந்த டாக்டரைப் பாரு, கையுறைய இடது கையில இருந்து கழட்டுறான், போன வாரம் வலது கையில இருந்து கழட்டினான்" என்பேன். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் சந்தேகப் பட்டியல் எழுதி வைத்திருந்தேன். எட்டாவது எபிசோடு முடிந்தபோது அதில் பதினொரு பேர் இருந்தார்கள். அந்தப் பெண் அதிகாரியும் ஒருவர்.

அந்தச் சனிக்கிழமை ஒன்பதாவது எபிசோடு. முகம் தெரியப்போவது இதில்தான் என்று கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் காதைப் பொத்திக்கொண்டு வந்திருந்தேன். டீயை வைத்துவிட்டு ரிமோட்டை அழுத்தினேன். 'தொடக்கத்திலிருந்து பார்க்க' என்று வர வேண்டிய இடத்தில் 'விட்ட இடத்திலிருந்து தொடர' என்று வந்தது. படத்துக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு, கிட்டத்தட்ட கடைசி வரைக்கும்.

சிவப்புக் கோடு என்றால் எனக்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை.

"யாரோ பார்த்திருக்காங்க" என்றேன்.

"ஆப்ல ஏதாவது கோளாறா இருக்கும். ஆரம்பத்துல இருந்து போடுங்க" என்றாள் மனைவி.

நான் விடவில்லை. உள்ளே போய்ப் பார்த்த விவரங்களைத் தேடி எடுத்தேன். வியாழக்கிழமை என்று இருந்தது. மகள் அவள் போனில் பார்த்திருந்தால் அந்த போனின் பெயர் வந்திருக்கும். இதில் எங்கள் ஹால் டிவியின் பெயர் இருந்தது. வியாழக்கிழமை நான் எஸ்டேட்டில் இருந்தேன். மனைவிக்குப் பள்ளியில் பரீட்சை நேரம், பள்ளியில் இருந்தாள். மாலையில் நான் வந்த பிறகு டிவியே போடவில்லை. அப்படியானால் பகலில் எங்கள் ஹாலில் உட்கார்ந்து ஐம்பது நிமிடம் டிவி பார்த்தது யார்?

"டீ ஆறுது" என்றாள் அவள்.

பார்த்தோம். விஷயம் என்னவென்றால், அந்த எபிசோடு என்னைக் கெடுக்கவென்றே எடுத்தது போல இருந்தது. அந்தப் பெண் அதிகாரியின் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருப்பார். முதல் எபிசோடிலிருந்தே இருக்கிறார், செடிக்குத் தண்ணீர் விடுவார், இருமுவார். அதிகாரி ராத்திரி பகல் பாராமல் அலைகிற ஆள் என்பதால் வீட்டுச் சாவியை அவரிடம் கொடுத்து வைத்திருப்பார். பதினொரு பேர் பட்டியலில் அவரை நான் சேர்க்கவே இல்லை. ஒன்பதாவது எபிசோடின் கடைசியில் அவர் அந்தச் சாவியால் கதவைத் திறந்து, சாவகாசமாக உள்ளே வந்து, அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுக்கிறார். அதே மெல்லிய குரல்.

கதவு திறப்பதற்கு ஒரு நொடி முன்பே என் மனைவி குஷனை நெஞ்சோடு கட்டிக்கொண்டாள். அதைப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷமாகக் குறை பார்த்தே பழகின கண் அல்லவா, பார்த்தேன். பயந்த சுபாவம் என்று நினைத்து விட்டுவிட்டேன். என் கவனமெல்லாம் அந்தச் சாவியில் இருந்தது.

எங்கள் சாவியும் ஓர் ஆணியில் தொங்குகிறதே என்று அப்போதுதான் தோன்றியது.

ஒரு சந்தேகம் வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்து சேர்ந்துகொள்ளும். வியாழக்கிழமை மாலை நான் வந்தபோது ஹாலில் மின்விசிறி ஐந்தில் சுற்றியது ஞாபகம் வந்தது. நாங்கள் மூன்றுக்கு மேல் வைப்பதில்லை. தொட்டிப் பக்கம் இரண்டு டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. காலையில் நான் காபி குடித்தது ஒரு டம்ளரில், மனைவி அன்று எதுவும் குடிக்காமல் ஓடினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சோபா இடுக்குகளில் விரலை விட்டுத் துழாவினேன். ஒரு குண்டூசி கிடைத்தது. தலைப்பகுதியில் வெள்ளை முத்து வைத்த குண்டூசி. அக்கா தலையில் போடும் துப்பட்டாவைக் குத்திக்கொள்வது அது மாதிரி ஊசியால்தான்.

ஊசியை மனைவியிடம் காட்டினேன். "எப்பவாவது என்னைப் பார்க்க வந்தப்ப விழுந்திருக்கும்" என்று சொல்லி, வாங்கித் தன் ரவிக்கை ஓரத்தில் குத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அவள் குரலில் ஒரு அவசரம் இருந்தது. அதையும் விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் புறப்படும் முன் ரிமோட்டை டீப்பாய் மேல் வைத்து, அதைச் சுற்றி பென்சிலால் மெல்லிய கோடு போட்டேன். கம்பெனியில் அளவு மாறுகிறதா என்று பார்க்க இப்படித்தான் குறி வைப்போம். மாலை வந்து பார்த்தால் கோட்டையே காணோம். மனைவி ஈரத்துணியை உதறிக்கொண்டு, "டீப்பாய்ல யாரு கிறுக்கினது, சின்னப் புள்ள மாதிரி?" என்றாள்.

எதுவும் திருட்டுப் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். பீரோவைத் திறந்து பார்த்தேன், எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. ஆனாலும் ஆற மாட்டேன் என்றது மனது. நாம் இல்லாத நேரத்தில் நம் சோபாவில் ஒருவர் கால் நீட்டி உட்கார்ந்து, நம் டம்ளரில் குடித்துவிட்டு, கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறார். கழுவிக் கவிழ்த்ததுதான் என்னை அதிகமாக உறுத்தியது. தெரியக் கூடாது என்று நினைத்தவர் செய்கிற காரியம் அல்லவா அது? இன்னும் என்னென்ன தெரியாமல் நடந்திருக்கிறது? பஸ்ஸில் அம்பத்தூர் போய்ச் சேரும் வரை இதே யோசனை. படிக்கட்டில் பாய் எதிரே வந்து "இன்னா தம்பி, டல்லா கீறீங்க?" என்று கேட்டபோது அந்தக் குரல் மெல்லியதாக இருக்கிறதா என்று கவனித்தேன். இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை மாலை, பாய் கடையிலிருந்து வந்துவிட்ட நேரம் பார்த்து, எதிர்க்கதவைத் தட்டினேன். மனைவி அப்போது காய் வாங்கப் போயிருந்தாள். பாய்தான் திறந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது, கழற்ற மறந்து வந்திருப்பார்.

"வாங்க தம்பி, உள்ள வாங்க."

"இல்ல பாய், எங்க வீட்டுச் சாவி கொஞ்சம் வேணும். என்கிட்ட இருந்தது எங்கயோ விழுந்துடுச்சு" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பொய்யாவது மரியாதையாக இருந்திருக்கும். ஆனால் ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டால் அதைச் சுட்டிக்காட்டாமல் எனக்குத் தூக்கம் வராது. "போன வியாழக்கிழமை பகல்ல எங்க வீட்டுக்கு யாராவது போனாங்களா பாய்?" என்று கேட்டுவிட்டேன்.

பாய் நெற்றியைச் சுருக்கினார். "வியாழக்கெயமயா? கேன்காரன் செவ்வாக்கெயமதான வருவான்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். பார்த்த பார்வை மாறியது. "இன்னா தம்பி, எதனா காணோமா?"

அதற்கு நான் உடனே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு பொருளும் காணாமல் போகவில்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் வாய் எழவில்லை. இரண்டு மூச்சு விடுகிற நேரம் சும்மா நின்றேன். பிறகுதான், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்" என்றேன். அந்த இரண்டு மூச்சு நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அக்கா உள்ளேயிருந்து வந்தார். கையில் பாதி பட்டன் வைத்த வெள்ளைச் சட்டை. நான் கேட்டதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒன்றும் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியிலிருந்து எங்கள் சாவியை எடுத்து, முந்தானையால் ஒரு முறை துடைத்து, என் கையில் வைத்தார். பாய் அவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். பேசாமல் இருக்கிறாரே, குற்றம் செய்தவர்தானே பேசாமல் இருப்பார் என்று எடுத்துக்கொண்டேன். வெற்றி பெற்றவன் மாதிரி என் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினேன்.

மனைவி காய்ப் பையோடு வந்தாள். மேஜை மேல் கிடந்த சாவியைப் பார்த்தாள். அதில் அக்கா கட்டிவிட்ட நீலத் துணி முடிச்சு இருந்தது. யூனிபார்ம் துணியின் மிச்சம். அதனால் அது எந்தச் சாவி என்று அவளுக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

சொன்னேன். கண்டுபிடித்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன், மின்விசிறி, டம்ளர், குண்டூசி, கடைசியில் அக்கா வாயைத் திறக்காமல் சாவியைக் கொடுத்தது வரைக்கும். பாராட்டுவாள் என்றுகூட எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்தேன்.

அவள் பையைக் கீழே வைக்காமலே நின்றாள்.

"பார்த்தது நான்" என்றாள். "நானும் அக்காவும். பரீட்சைன்னு அன்னைக்கு மத்தியானமே விட்டுட்டாங்க. டீ போட்டு ரெண்டு பேரும் உக்காந்து பார்த்தோம். நான்தான் ஃபேனைக் கூட்டி வெச்சேன், நான்தான் டம்ளரைக் கழுவினேன். உங்ககிட்ட சொல்ல வேணாம்னு அக்காகிட்ட சத்தியம் வாங்கினதும் நான்தான்."

எனக்கு முதலில் வந்தது கோபம். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். "அப்ப சனிக்கிழமை என் பக்கத்துல உக்காந்து நடிச்சியா?" என்றேன்.

"ஆமா. நடிச்சேன்."

"எதுக்கு? ரெண்டு நாள் பொறுத்தா சேர்ந்து பார்த்திருக்கலாம்ல?"

"உங்களோட சேர்ந்து நான் ஒரு எபிசோடாவது பார்த்திருக்கேனா?" என்றாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இவன் கையப் பாரு, அவ கண்ணப் பாருன்னு நீங்க சொல்றதத்தான் எட்டு வாரமா கேட்டேன். கதை எனக்குப் பாதிதான் தெரிஞ்சுது. அந்தப் பாதியத்தான் ஒவ்வொரு வாரமும் படிக்கட்டுல நின்னு அக்காவுக்குச் சொல்லுவேன். அவங்க வீட்டு டிவியில இதெல்லாம் வராது. அவங்க கேக்கிற கேள்வியே வேற மாதிரி இருக்கும். கடத்திட்டுப் போன பொண்ணு சாப்பிட்டாளான்னு கேப்பாங்க. அதான் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவங்களோட பார்க்கலாம்னு தோணுச்சு. கடைசியில அந்தப் பெரியவர்தான்னு தெரிஞ்சதும் அக்கா என்ன சொன்னாங்க தெரியுமா? 'பாவம், அந்தாளுக்கு ஊட்ல பேச யாருமே இல்ல போல கீது'ன்னாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"நீங்க கேட்டப்ப அவங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'உங்க ஊட்டம்மாதான் கூப்ட்டாங்க'ன்னு. சொல்லியிருந்தா உங்க முகம் எங்க போயிருக்கும்? எனக்குக் கொடுத்த வாக்குக்காகத் திருடி மாதிரி நின்னிருக்காங்க" என்றாள். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, "எதிர்வீட்டுல வேற யாராவது குடியிருந்தா இப்படிப் போய்க் கேட்டிருப்பீங்களா?" என்றாள்.

யாராக இருந்தாலும் கேட்டிருப்பேன். சாம்பாரை முகர்ந்து பார்க்கிறவன் ஆள் பார்த்தா சந்தேகப்படுவான்? அது உண்மை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அது பாய்க்கு எப்படித் தெரியும்? கதவைத் திறந்து நின்ற அவருக்கு, எதனா காணோமா என்று கேட்டுவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்ற அவருக்கு, அந்த இரண்டு மூச்சு நேரத்தில் என்னவெல்லாம் தோன்றியிருக்கும்?

மனைவி காலண்டரைத் தூக்கிக் காட்டினாள். பின்னால் ஆணியில் அவர்கள் வீட்டுச் சாவி தொங்கியது. அதை நான் மறந்தே போயிருந்தேன். எங்கள் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்த அந்த நேரத்திலும் அவர்கள் சாவி என் வீட்டில்தான் இருந்திருக்கிறது. எங்க சாவியக் குடுங்க என்று அவர்கள் கேட்கவில்லை.

இரண்டு சாவியையும் எடுத்துக்கொண்டு திரும்பவும் போய்த் தட்டினேன். அக்கா அறைக்குள் இருந்தார், வரவில்லை. பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என் மேல்தான் என்றேன். மன்னிப்புக் கேட்டேன். என் வாழ்க்கையில் அப்படிக் கேட்டது குறைவு, அதனால் சரியாக வரவில்லை, நடுவில் இருமினேன்.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு என் உள்ளங்கையில் இருந்த நீல முடிச்சுச் சாவியை விரல்களோடு சேர்த்து மூடினார். "இது உங்ககிட்டயே இருக்கட்டும் தம்பி. எங்ககிட்ட இருந்தா நாளைக்கு இன்னோரு கேள்வி வரும். எங்க பொம்பளைக்கு அது தாங்காது." இன்னொரு சாவியை நீட்டினேன். அதையும் வாங்கவில்லை. "அது அங்கயே கிடக்கட்டும். ஒங்கள நாங்க ஒண்ணும் கேக்கலியே."

திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவர் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

மறுநாள் வியாழக்கிழமை பத்தாவது எபிசோடு வந்தது. இன்றுவரை நாங்கள் அதைப் பார்க்கவில்லை. அந்தப் பெரியவர் பிடிபட்டாரா, தப்பினாரா, தெரியாது. டிவியைப் போடும்போதெல்லாம் ஆப் அதைத்தான் முதலில் நீட்டுகிறது. மனைவி அதைத் தாண்டி வேறு எதையாவது வைத்துவிடுவாள். படிக்கட்டில் அவளும் அக்காவும் நின்று பேசுவது நின்றுபோனது. பார்த்தால் சிரிக்கிறார்கள், சாப்பிட்டாச்சா என்று கேட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். நான் அவளிடமிருந்து பறித்தது இதைத்தான். அவள் ஒரு முறைகூட அதைச் சொல்லிக் காட்டவில்லை.

பள்ளிக்கூடங்கள் திறக்கிற சமயம். எனக்கு வார விடுமுறை மாறி ஒரு திங்கட்கிழமை வீட்டில் இருந்தேன். பதினொரு மணி இருக்கும். பாய் போன் செய்தார். பின்னால் மெஷின்கள் ஓடும் சத்தம். யூனிபார்ம் நேரத்தில் அக்காவையும் கடைக்கு அழைத்துப் போய்விடுவார்.

"தம்பி, ஊட்லயா கீறீங்க? காலைல அயன்பாக்ஸ் ஆஃப் பண்ணேனா இல்லியான்னு ஒரே சந்தேகமா கீது. ஒரு தபா தொறந்து பாத்துட்டு சொல்றீங்களா?"

காலண்டருக்குப் பின்னாலிருந்து சாவியை எடுத்தேன். ஆறு வருஷத்தில் அந்தக் கதவை நான் திறந்தது அதுதான் முதல் தடவை. எப்போதும் மனைவிதான் போவாள். செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு உள்ளே போனேன். மடித்த சட்டைகள் அளவு வாரியாகச் சுவரோரம் அடுக்கியிருந்தன. அயன்பாக்ஸ் மேஜை மேல் நிமிர்ந்து நின்றது, ஒயரைப் பிளக் பாயின்டிலிருந்தே உருவி வைத்திருந்தார்கள். தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது.

திரும்பும்போதுதான் பார்த்தேன். படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே பீரோ, அதன் பூட்டிலேயே சாவி தொங்கியது. சட்டென்று பின்னால் நகர்ந்தேன். எதையெல்லாம் தொட்டேன் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். கதவுக் கைப்பிடி, அயன்பாக்ஸ், வேறு எதுவுமில்லை. ஏதாவது இடம் மாறியிருந்தால் என்னைத்தானே நினைப்பார்கள் என்று பயம் வந்தது. சந்தேகப்படுவது எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஆஃப்லதான் இருக்கு பாய்" என்றேன் போனில். சும்மா இருக்க முடியாமல், "பீரோவுல சாவி அப்படியே தொங்குது" என்றும் சொன்னேன்.

"அது எப்பவும் அங்கதான் தொங்கும்" என்றார். "நீங்க பாத்துக்கமாட்டீங்களா?"

கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்குக் கிண்டல் வராது. அந்தத் தைரியத்தில் கேட்டேன். "பாய், சாயங்காலம் எங்க சாவிய எடுத்துட்டு வரட்டுமா?"

மெஷின் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. "பாப்போம் தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பூட்டிவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். சாவியை ஆணியில் மாட்டினேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. இப்போதெல்லாம் கேன்காரர் எங்கள் கேனைக் கீழே படிக்கட்டு அடியில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். மேலே கதவு திறக்க ஆள் இல்லையே. மாலை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து அதைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். இருபது லிட்டர். என் வயதுக்கு அது சரிப்படாது. மனைவி பள்ளியிலிருந்து இன்னும் வரவில்லை, கதவு பூட்டியிருந்தது. மேலே வந்து அதன் முன்னால் நின்றபோதுதான் சாவி பேண்ட் பையில் இருப்பது ஞாபகம் வந்தது. ஒரு கையால் கேனைப் பிடித்துக்கொண்டு மறு கையை விட்டுத் துழாவினேன். எட்டவில்லை.

எதிர்க்கதவு திறந்திருந்தது. அக்கா வாசலில் உட்கார்ந்து பட்டன் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் எழுந்தார். கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியை நோக்கி அவர் கை போனது. ஆணி காலியாக இருந்தது. கையை இறக்கிக்கொண்டார்.

"கீழ வெச்சிட்டுத் தொறங்க தம்பி" என்றார்.

வைத்தேன். திறந்தேன்.